எங்கள் பிணத்துக்கு நன்றி

வியாழக்கிழமை நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பக் கிளற மனமில்லை. எங்கள் நகைச்சுவைக் கொலை மர்ம நாடகத்தில் இன்ஸ்பெக்டராக நடிக்க இருந்து, அன்றைக்குப் படுத்துவிட்டவர் இப்போது நலமாக இருக்கிறார். படுத்த இடத்திலிருந்தே எங்கள் நடிப்பைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

சனிக்கிழமை திரை விலகியதற்குக் காரணமானவர்களைத் தனித்தனியாகச் சொன்னால் மடல் முடியாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து விளக்குக் குறிப்புகளை மாற்றி எழுதியவர், இன்ஸ்பெக்டரின் கோட்டைப் பிரித்து வேறு உடம்புக்குத் தைத்தவர், சோபா இரவல் கொடுத்தவர் (அதில் இப்போது பொய் ரத்தக் கறை இருக்கிறது, சுத்தம் செய்துதான் தருவோம்), நேரம் கடந்தும் அரங்கைப் பூட்டாமல் காத்திருந்த காவலாளி, டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் "எப்படியாவது நடத்துங்க" என்று சொன்னவர்கள். எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஒருவருக்காக. எங்கள் பிணத்துக்காக.

முதலில் பிணமாக இருந்தவர் வேறு ஆள். ஒத்திகை நாளெல்லாம் செத்துக் கிடந்தபடியே மொத்த நாடகத்தையும் காதால் கேட்டவர் அவர்தான் என்பதால், இன்ஸ்பெக்டர் வேடத்தை அவரிடம் கொடுத்தோம். பிணத்தின் இடம் காலியானது. வேலைக்காரப் பெண்ணாக நடிக்கும் மாணவியை அழைத்துப்போக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய பாட்டி, "சும்மா படுத்துக் கிடக்கணும், அவ்வளவுதானே? நான் படுத்துக்கறேன்" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்களுக்கு எப்போதும் டீச்சரம்மா.

கொலையான மாமா ஒரே ராத்திரியில் அத்தையானார். எல்லோரும் வசனத்தை மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் பழைய ஞாபகத்தில் "அத்தை மீசையை முறுக்கினா வீடே நடுங்கும்" என்றார். அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான். இனி அந்த வரியை மாற்றுவதாக இல்லை.

வேறு நாடகமாக இருந்தால் ஒரு வரி போனாலும் அடுத்ததை வைத்து ஒப்பேற்றிவிடலாம். கொலை மர்மத்தில் அது நடக்காது. இரண்டாம் காட்சியில் இன்ஸ்பெக்டர் போகிறபோக்கில் "கடிகாரம் ஏன் நின்னு போச்சு?" என்று கேட்டிருந்தால்தான், கடைசியில் அதே கடிகாரத்தை வைத்துக் குற்றவாளியை மடக்க முடியும். துப்பு பார்வையாளர்களின் கண்முன்னால் கிடந்திருக்க வேண்டும், அவர்கள் அதைக் கவனிக்காமலும் விட்டிருக்க வேண்டும். இந்த வகை நாடகத்தின் நாணயமே அதுதான். (கடிகாரம் உதாரணத்துக்குச் சொன்னது. எங்கள் நாடகத்தில் அது வேறு பொருள்.) நகைச்சுவையும் சேர்ந்தால் பாடு இன்னும் அதிகம். துப்புள்ள வரி சிரிப்புச் சத்தத்தில் அமுங்கினால் சொல்லாத கணக்குத்தான். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது வரியைப் பிடிக்க வேண்டும். முழுக்க அடங்கட்டும் என்று நின்றால் காட்சி தொய்ந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு வரியில்தான் எங்கள் புது இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் பக்கத் திரைக்குப் பின்னால் பிரதியோடு நிற்கிறேன். அங்கிருந்து குரல் கொடுத்தால் முன்வரிசைக்கே கேட்டுவிடும். அப்போது வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. வரியின் முதல் வார்த்தை. இன்ஸ்பெக்டர் பிணத்தைச் சோதிப்பதுபோலக் குனிந்தார், நிமிர்ந்தார், மீதியைச் சொன்னார். அதன்பிறகு அவர் பிணத்தை விட்டு அதிகம் நகரவே இல்லை. கடமை தவறாத அதிகாரி என்று யாரோ பாராட்டினார்களாம்.

பேத்திக்கு வசனம் பாடமாக வேண்டும் என்று வீட்டில் மற்ற எல்லா வேடங்களையும் டீச்சரம்மாதான் வாசித்துக் கொடுத்திருக்கிறார். பாதி நாடகம் அவருக்கு மனப்பாடம். மீதிப் பக்கங்களைத் துணிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, துணியை ஊடுருவி விழுந்த மேடை வெளிச்சத்தில் படித்திருக்கிறார். மூச்சு விட்டால் துணி அசையும் என்பதால் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்து, பெரிய மூச்சை எல்லாம் அரங்கம் சிரிக்கும் நேரத்துக்கு ஒதுக்கிவைத்திருக்கிறார். இதில் எதையும் நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் ஒருமுறைகூட அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இன்ஸ்பெக்டர் வேண்டுமென்றே நிறுத்திய இடங்களில் அவர் வாயே திறக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "யோசிக்கிறவன் மூச்சு வேற, முழிக்கிறவன் மூச்சு வேற. வகுப்பில கேட்காததா?" என்றார்.

பக்கத் திரை மறைவில் பிரதியோடு ஒருவர் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பது பழைய பாணி, நடிகர்களைச் சோம்பேறியாக்கும் என்பது எங்கள் குழுவில் பலருடைய கருத்து. ஒரு காலத்தில் என்னுடையதும். இனி எங்கள் எந்த நாடகமும் பிராம்ப்டர் இல்லாமல் மேடையேறாது. விளம்பரத் தாளில் நடிகர்கள் பெயரோடு அவர் பெயரும், அதே அளவு எழுத்தில் வரும்.

வந்திருந்த உங்களுக்கும் ஒரு நன்றி, கூடவே ஒரு வேண்டுகோள். லண்டனில் 1952-இல் தொடங்கிய ஒரு கொலை மர்ம நாடகத்தின் முடிவில், குற்றவாளி யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். நாங்களும் அதையே கேட்கிறோம். மீசை வைத்த அத்தையைப் பற்றி மட்டும் தாராளமாகச் சொல்லலாம்.

பழைய இன்ஸ்பெக்டர் அடுத்த மாதக் காட்சிகளுக்குத் திரும்பிவிடுவார் என்று நம்புகிறோம். அதனால் பழைய பிணம் தன் இடத்தைத் திரும்பக் கேட்கிறார். குழு கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். டீச்சரம்மா இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்ள ஒரு மெத்தைக்கு ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்.