எங்கள் பெயருக்கு முன்னால் இருக்கும் 'துணை'யை எடுங்கள்

இதயநோய் மருத்துவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு பெர்ஃபியூஷனிஸ்ட். பைபாஸ் அறுவையில் நோயாளியின் ரத்தத்தை உடலுக்கு வெளியே இயந்திரத்தில் சுற்றவைக்கும் ஆள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து போட்டபின், ரத்தம் உறைய எடுக்கும் நேரமான ஏ.சி.டி. 480 விநாடியைத் தாண்டிவிட்டதா என்று பார்த்துச் சொல்வேன். அதுவரை தியேட்டரில் யாரும் அடுத்த வேலையைத் தொடுவதில்லை. பொட்டாசியக் கரைசல் உள்ளே போய் இதயம் நின்றதும் மானிட்டரில் நேர்கோடு. அப்புறம் ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ, அந்த உடம்புக்கு உயிர் ஓட்டுவது என் எதிரே சுழலும் பம்ப்தான்.

நான் சேர்ந்திருக்கும் சங்கத்தில் எனக்குப் பெயர் 'துணை உறுப்பினர்'. மாநாட்டுக்கு வரலாம், சந்தா கட்டலாம். ஓட்டு கிடையாது. வழிகாட்டுநெறி எழுதும் குழுவில் இடமும் கிடையாது, அந்த நெறி எங்கள் பம்பைப் பற்றியதாக இருந்தாலும்!

இது இன்று முளைத்த குறை அல்ல. 1944 நவம்பர் 29. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பிறவி இதயக் குறையால் ஆக்சிஜன் போதாமல் உடல் நீலம் பூத்த 'நீலக் குழந்தை'க்கான முதல் அறுவை. அறுவை செய்த டாக்டர் ஆல்ஃபிரட் பிளாலாக்கின் பின்னால் ஒரு முக்காலிமேல் நின்று, தையல் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவருடைய ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ். பிளாலாக் அதற்குமுன் அந்த அறுவையை நாயிடம் ஒரே ஒருமுறை, அதுவும் தாமஸுக்கு உதவியாளராக நின்றுதான் செய்திருந்தார். தாமஸ் மருத்துவம் படிக்காதவர், கறுப்பினத்தவர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலாக்கின் ஆய்வகப் பணிக்குச் சேர்ந்தபோது ஏட்டில் அவர் பதவி துப்புரவுப் பணியாளர். அந்த அறுவையைப் பற்றி 1945-இல் வந்த கட்டுரையில் பிளாலாக், குழந்தை இதயநோய் மருத்துவர் ஹெலன் டாசிக் பெயர்கள் மட்டுமே இருந்தன. தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வந்தது 1976-இல். அறுவையின் பெயரில் 'தாமஸ்' நுழைய அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின. அவருக்குக் குறுக்கே நிறவெறியும் நின்றது. எங்களை அவரோடு ஒப்பிடவில்லை. கையில் தொழில் இருந்து ஏட்டில் பெயர் இல்லாமல் போகும் அந்த ஏற்பாடு மட்டும் எனக்குப் பரிச்சயமானது.

நான் கேட்பது பாராட்டுப் பலகை அல்ல. செவிலியர் தினத்தன்று வெட்டும் கேக்கும் அல்ல. எக்கோ எடுப்பவர், ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் டெக்னீஷியன், இதயப் பிரிவுச் செவிலியர், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையின் அளவைப் பார்த்துத் திருத்தும் மருந்தாளுநர், மறுவாழ்வுப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் தேர்வு எழுதி, செய்த கேஸ்களைக் கணக்குக் காட்டி அடையக்கூடிய சிறப்புத் தகுதி ஒன்று வேண்டும். கடினமாகவே வையுங்கள். எங்களிலும் தேறாதவர்கள் உண்டு. அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

டாக்டர் யார் என்று நோயாளி குழம்பிப்போவார் என்பீர்கள். நியாயமான கவலை. சட்டையில் 'பெர்ஃபியூஷனிஸ்ட்' என்று பெரிதாக எழுதி மாட்டிக்கொள்கிறேன், எனக்கு அதில் வெட்கமில்லை. ஆனால் ஒன்று: 1960-களின் தொடக்கத்தில் பிலடெல்ஃபியாவில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களிடம் டாக்டர் வரக் காத்திராமல் ஷாக் கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். துடிப்பு தாறுமாறான நிமிடத்தில் அங்கே இருப்பவர் செவிலியர்தான் என்பதே காரணம். பொறுப்பைத் தருவதில் உங்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. தயக்கமெல்லாம் பதவியில்தான்.

அடுத்த பொதுக்குழுவில் விதித்திருத்தம் ஒன்றைக் கொண்டுவாருங்கள்: இந்தத் தகுதியைப் பெற்ற, மருத்துவர் அல்லாத உறுப்பினருக்கு ஓட்டு, ஒவ்வொரு வழிகாட்டுநெறிக் குழுவிலும் அந்த வேலையைக் கையால் செய்பவர் ஒருவர். விவாதத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள். அன்று கேஸ் இல்லையென்றால் வருகிறேன்.

இப்படிக்கு,
பம்ப் பக்கத்திலிருந்து ஒருவர்