பாதி வெள்ளையாக வரும் டாம்பான்

அன்பு மகள் கயலுக்கு,

மாதவிடாய் ரத்தத்தை உறிஞ்ச உள்ளே வைக்கும் டாம்பானை எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் ஊறியும் மறுபக்கம் வெள்ளையாகவும் இருக்கிறது, ஆனாலும் ஜட்டியில் கறை படுகிறது என்று கேட்டிருந்தாய். அதற்காகப் பெரிய சைஸ் வாங்கிவிடாதே. உறிஞ்சும் திறன் பற்றாமல் கசிந்திருந்தால் முழுவதும் ஊறியிருக்கும். உனக்குப் பெரும்பாலும் வைக்கும் இடம்தான் சரியில்லை.

கருப்பை வாய் எல்லோருக்கும் நட்டநடுவில் இருப்பதில்லை. முன்னாலோ பின்னாலோ ஒரு பக்கமாகவோ சாய்ந்திருக்கும். டாம்பான் அதன் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டால் ரத்தம் ஒரு ஓரமாகவே வழிந்து இறங்கிவிடும். கையைக் கழுவிக்கொண்டு, ஒரு காலைக் கமோடு மூடிமேல் தூக்கி வை. நேர் மேலே தள்ளாமல் முதுகின் அடிப்பக்கம் பார்த்துச் சாய்த்து, நடுவிரலின் நடுக்கணு உள்ளே போகும் வரை தள்ளு. சரியாக அமர்ந்துவிட்டால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. உட்காரும்போது உறுத்தினால் வாசலிலேயே நின்றுவிட்டது என்று பொருள். அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வை. இன்னொன்று, சில கம்பெனி டாம்பான் நீளவாக்கில் விரியும், சிலது அகலவாக்கில். ஓரமாக வழிகிறவர்களுக்கு அகலமாக விரிவது ஒத்துவரலாம், மாற்றிப் பார்.

ரத்தப்போக்கும் ஒரே சீராக வராது. ஒரு மாதவிடாய்க்கு மொத்தமே 30, 40 மில்லிதான் சராசரி. அதில் பெரும்பகுதி முதல் இரண்டு, மூன்று நாளில் போய்விடும். படுத்திருக்கும்போது உள்ளே தேங்கியது எழுந்து நின்றதும் மொத்தமாக இறங்கும். கட்டியாக வருவதையும் டாம்பானால் சரியாக உறிஞ்ச முடியாது. அதனால் அந்த நாள்களில் கூடவே மெல்லிய பேட் ஒன்று வைத்துக்கொள். ராத்திரிக்குப் பேடே போதும்.

பெட்டியில் சொட்டுப் படம் இருக்கும். இரண்டு சொட்டு என்றால் 6 முதல் 9 கிராம் உறிஞ்சும், மூன்று சொட்டு 9 முதல் 12. உடம்பு வாகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாலு மணி நேரத்துக்குள் முழுவதும் ஊறினால் ஒரு படி ஏறு. எடுக்கும்போது வறண்டு இழுத்து வலித்தால் ஒரு படி இறங்கு. முதல் நாளும் நாலாம் நாளும் ஒரே சைஸ் போடுவது வீண் வேதனை. நீ இருக்கும் ஸ்காட்லாந்தில் 2022-லிருந்து சட்டப்படியே கல்லூரிகளில் இதெல்லாம் இலவசம், அதனால் வெவ்வேறு சைஸ் எடுத்துப் பார்க்கக் கூச்சப்படாதே.

எதுவானாலும் 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. புதிது வைக்கும் முன் பழையது வெளியே வந்துவிட்டதா என்று பார். அதிகம் உறிஞ்சும் டாம்பான்களை ஒட்டி 1980-ல் அமெரிக்காவில் டாக்சிக் ஷாக் (பாக்டீரியாவின் நச்சால் வரும் உயிராபத்தான நோய்) பரவலாக வந்து, ரிலை என்ற பிராண்டையே கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இப்போது மிக அரிது. ஆனாலும் டாம்பான் வைத்திருக்கும்போது திடீர்க் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் சிவந்தாற்போல் தடிப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே அதை எடுத்துவிட்டு அங்குள்ள அவசர உதவி எண் 999-ஐக் கூப்பிடு.

மணிக்கொரு தடவை மாற்ற வேண்டியிருந்தாலோ, இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் கட்டி வந்தாலோ, ஏழு நாள் தாண்டிப் போனாலோ அது சைஸ் பிரச்சினை இல்லை. டாக்டரிடம் போய் ஹீமோகுளோபினும் பார்த்துவிடு. எந்த நாளில் எத்தனை மாற்றினாய் என்று போனில் குறித்துக்கொண்டு போ, முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அம்மா