உள்வீட்டுச் சம்மதம்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள கரீம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கோட்டை அகழி ஓரம் காலையில் நடப்பதைக்கூட நிறுத்திவிட்டேன்.

மகன் துபாயில் இருப்பதால் ஈரான் செய்தி வந்தாலே தூக்கம் போய்விடுகிறது, அதன் அணுத் திட்டம் பற்றி இத்தனை வருஷம் பேசியும் ஏன் முடியமாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தாய். எதிராளியைவிட உள்வீட்டுக்காரனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு என்று எனக்குப் படுகிறது.

2009 அக்டோபரை எடுத்துக்கொள். வல்லரசுகளோடு ஒரு ஏற்பாடு பேசினார்கள். குறைந்த செறிவு யுரேனியத்தில் (மேலும் செறிவூட்டினால் குண்டுக்கு ஆகும் சரக்கு) சுமார் 1,200 கிலோவை ஈரான் வெளியே அனுப்ப வேண்டும். பதிலுக்கு டெஹ்ரான் ஆராய்ச்சி உலைக்கு எரிபொருள் வரும். புற்றுநோய்க்காரர்களுக்கான ஐசோடோப்பு என்ற கதிரியக்கப் பொருள் தயாராகும் உலை அது. அன்றைய ஈரான் அதிபர் அகமதிநெஜாத் இணங்கித்தான் வந்தார். ஆனால் அந்த ஜூன் மாதத் தேர்தல் முடிவை எதிர்த்து ஜனங்கள் தெருவில் இறங்கிய சூடு அப்போது ஆறவில்லை. அவரை எதிர்த்து நின்ற சீர்திருத்தவாதி முசாவி அந்த ஏற்பாட்டைச் சாடினார். எதிர் முகாமைச் சேர்ந்த பழமைவாதி, சபாநாயகர் லாரிஜானியும் சாடினார். பேர் அகமதிநெஜாத்துக்குப் போய்விடக் கூடாது என்பதில் இருவரும் ஒன்று என்றே நினைக்கிறேன். ஏற்பாடு முறிந்தது, மருந்துக்குக் காத்திருந்த நோயாளியை யார் நினைத்தார்கள்?

அமெரிக்காவும் லேசுப்பட்டதல்ல. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காது என்பதால் ஒபாமா ஈரானோடு போட்ட 2015 அணு ஒப்பந்தத்தை உடன்படிக்கையாக அங்கே கொண்டுபோகவில்லை. பேச்சு நடக்கும்போதே எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் 47 செனட்டர்கள், அடுத்த அதிபர் இதை ஒரே கையெழுத்தில் ரத்து செய்யலாம் என்று ஈரானுக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். 2018 மே மாதம் டிரம்ப் அதைத்தான் செய்தார். அடி வாங்கியது சமரசம் பேசிய அன்றைய ஈரான் அதிபர் ரூஹானி. 2020 நவம்பரில் அணு விஞ்ஞானி ஃபக்ரிசாதே கொல்லப்பட்டதும், யுரேனியத்தை 20 சதவீதம் வரை செறிவூட்ட வேண்டும் என்று ஈரான் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. ரூஹானி வேண்டாம் என்றும் பயனில்லை.

அமெரிக்காவோடு நாம் போட்ட அணுசக்தி ஒப்பந்தத்தின் கதையும் உனக்கு நினைவிருக்கும். 2008 ஜூலை 22, உன் கடை டிவியில் பார்த்தோமே, மக்களவையில் நோட்டுக்கட்டுகளைத் தூக்கிக் காட்டியதை! அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் விலகி, நம்பிக்கை வாக்கெடுப்பில் 275க்கு 256 என்று மன்மோகன் சிங் தப்பினார். அமெரிக்காவோடு அணுசக்திப் பேச்சுக்கு அடிபோட்டது வாஜ்பாய் அரசு. அவர் கட்சியே அன்று எதிர்த்து ஓட்டுப் போட்டது. ஆனால் 2014இல் ஆட்சிக்கு வந்தபின் அவர்கள் அதைக் கிழிக்கவில்லை. தாங்களே போட்ட விதை என்பது காரணமாக இருக்கலாம். அமெரிக்காவில் எதிர்க்கட்சிக்கு ஈரான் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பங்கே இல்லை.

பாலாற்றுக்கு வா. ஆந்திராவில் குப்பம் பக்கம் தடுப்பணை உயர்ந்தால் இங்கே எந்தக் கட்சியால் விட்டுக்கொடுத்துப் பேச முடியும்? பேசினால் மறுநாளே "துரோகி" போஸ்டர். டெஹ்ரானிலும் வாஷிங்டனிலும் இதே பயம்தான் மேசையில் உட்காருகிறது. பேசப் போகிறவனுக்குச் சொந்த ஊரில் கொஞ்சம் இடம் விடாவிட்டால், உன் மகனைப் போல் வளைகுடாவில் பிழைக்கிறவர்கள் வருஷா வருஷம் பயந்து சாக வேண்டியதுதான். இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ரூஹானி இன்னும் துணிந்திருக்கலாம் என்பாய். எந்த இடத்தில் என்று விவரமாக எழுது. தம்பிக்கு என் அன்பைச் சொல். ஊருக்கு வரும் தேதி தெரிந்தால் உடனே போன் பண்ணு.

அன்புடன்,
தணிகாசலம்