சோலிங்கன் கத்தியும் ஷென்சென் காரும்

கோயம்புத்தூர்,
நவம்பர் 2025

அன்புள்ள பாலு,

ஜெர்மனியிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் கார் ஆலையில் இரவு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள் என்றும், கியர்பாக்ஸ் பிரிவில் வயதானவர்களைக் கூப்பிட்டு ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பும் பேச்சு நடக்கிறது என்றும் எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. தங்கை மாலதியிடம் எதையும் மறைக்காதே. நீ சொல்லாவிட்டாலும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.

இங்கே அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து உட்காருகிறார். "கோவில்பட்டிப் பையன் எப்படி இருக்கிறான்?" என்று உன்னைத்தான் விசாரிக்கிறார். மூத்தவள் மின்பொறியியலில் சேர்ந்துவிட்டாள்.

பட்டறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கோடையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்குத் தண்டு கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டரில்தான் இப்போது எங்கள் பிழைப்பில் பாதி ஓடுகிறது. ஏப்ரலில் சீனா அரிய மண் தனிமங்கள் எனப்படும் ஏழு உலோகங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று ஆணையிட்டது. அவை சேர்ந்த காந்தங்களும் அதில் அடக்கம். மோட்டார் கம்பெனியில் காந்தம் தீர்ந்தது. எங்களுக்கு வரும் ஆர்டரும் நின்றது. அங்கே ஸ்டோரில் மிச்சமிருந்ததை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய, நிக்கல் பூசிய வில்லை. இரண்டை அருகருகே கொண்டுபோனால் பாய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. இடையில் விரல் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். உலகில் செய்யப்படும் இந்த வகைக் காந்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில்தான் செய்யப்படுகிறது. அந்த வில்லைகள் வராததால் இங்கே கோவை கணபதியில் என் லேத் நின்றது.

ஆகவே சீனாவின் மீது எனக்கு எந்த மயக்கமும் இல்லை. 2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்ததை மறக்கவும் இல்லை. அவர்களில் ஒருவர் ராமநாதபுரத்துக்காரர். அப்படியிருந்தும் நீ எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "திருடினார்கள், மட்டமான சரக்கை மலிவாகக் கொட்டினார்கள், அரசாங்கம் முட்டுக்கொடுத்தது, அப்படித்தான் முன்னுக்கு வந்தார்கள்" என்று கேன்டீனில் எல்லோரும் பேசிக்கொள்வதாகவும், நீயும் அதையே நம்பத் தொடங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். நீ குடியிருக்கும் நாட்டின் மீதே இங்கிலாந்து இதே பழியைச் சுமத்தியதே, அதை அங்கே யாரும் சொல்லவில்லையா?

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் செய்த கத்தியிலும் கத்தரிக்கோலிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர முத்திரையைப் போலியாகக் குத்தி விற்றார்கள். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த ஜெர்மன் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோ, நம் நாட்டுச் சரக்கு மலிவு, மட்டம் என்று தானே எழுதினார். ஷெஃபீல்டுக்காரர்களின் முறையீடு ஓயவில்லை. 1887இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வணிகக் குறிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆங்கிலேயச் சரக்கு என்று மயங்கத்தக்க அயல்நாட்டுப் பொருளில் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பொறித்தாக வேண்டும். வாங்குபவர்கள் பார்த்து ஒதுங்கட்டும் என்பதற்காக வந்த அடையாளம் அது. பிறகு 'ஜெர்மனியில் செய்யப்பட்டது' என்ற அந்த வாசகத்துக்காகவே உலகம் கூடுதல் விலை கொடுத்தது. நாம் பாலிடெக்னிக்கில் படித்தபோது ஒரு ஜெர்மன் மைக்ரோமீட்டரை ஆசிரியர் பூட்டி வைத்துக்கொண்டு, தேர்வு அன்று மட்டும் வெளியே எடுப்பாரே!

அமெரிக்கா மட்டும் என்ன? நூற்பு இயந்திர நுட்பத்தைத் தெரிந்த கைவினைஞர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று இங்கிலாந்து தடை போட்டிருந்த காலத்தில், சாமுவேல் ஸ்லேட்டர் 1789இல் அதையெல்லாம் மனப்பாடமாக ஏற்றிக்கொண்டு கப்பல் ஏறினார். அமெரிக்கர்கள் அவரைத் தொழில்துறையின் தந்தை என்று கொண்டாடுகிறார்கள். பின்னால் 19ஆம் நூற்றாண்டு நெடுகிலும் உயர்ந்த சுங்கச் சுவருக்குப் பின்னால்தான் அவர்கள் ஆலைகள் வளர்ந்தன. திருட்டு நல்லது என்று நான் சொல்லவில்லை. ஒருவர் செய்தால் முயற்சி, அடுத்தவர் செய்தால் குற்றம் என்று எழுதப்படும் வரலாற்றை நீயும் நானும் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

உன் கார் தொழிலையே எடுத்துக்கொள். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி 1984இல் ஷாங்காயில் கூட்டுத் தொழில் ஒப்பந்தம் போட்டது. அப்புறம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சந்தை அள்ளிக் கொடுத்தது. அந்த லாபத்தில் ஜெர்மனியில் போனஸ் வாங்கிய தொழிலாளர்களும் உண்டு. அப்போது சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சி முறை யாருக்கும் உறுத்தவில்லை. 2023இல் ஷென்சென் நகரத்துச் சீனக் கம்பெனியான பிஒய்டியின் கார் அங்கே அதிகம் விற்கும் காராக முந்தியது. அதே ஆண்டு வோக்ஸ்வாகன், எக்ஸ்பெங் என்ற சீனக் கம்பெனியில் 70 கோடி டாலர் போட்டு, மின்சாரக் கார் செய்ய அவர்களோடு கை கோத்தது. கற்றுக்கொடுத்தவர்கள் இப்போது கற்றுக்கொள்ளப் போகிறார்கள். 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் சீன மின்சாரக் கார்களுக்கு 35.3 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டபோது, உன் ஜெர்மனி எதிர்த்து வாக்களித்ததே, கவனித்தாயா? யாருக்குப் பயந்து, எந்தச் சந்தையைக் காப்பாற்ற என்பதை யோசித்துப் பார்.

என் லேத்தை நிறுத்திய அந்தக் காந்தத்தின் கதை இன்னும் கொடுமை. 1980களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானில் சுமிடோமோவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த பொருள் அது. ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கென்று இண்டியானாவில் மேக்னிகுவெஞ்ச் என்ற கம்பெனியை வைத்திருந்தது. 1995இல் சீன அரசுத் தொடர்புள்ள நிறுவனங்கள் அடங்கிய குழுவுக்கு விற்றுவிட்டது. அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. சில ஆண்டுகளில் உற்பத்தி சீனாவுக்குப் போய்விட்டது. கலிபோர்னியாவில் இருந்த மவுண்டன் பாஸ் என்ற அரிய மண் சுரங்கமும் 2002இல் மூடப்பட்டது. அரிய மண்ணைப் பிரித்தெடுக்கும்போது வரும் அமிலக் கழிவு தங்கள் ஊரில் வேண்டாம், சீனாவில் ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். விற்றவர்களும் வாங்கியவர்களும் கணக்குப் பார்த்துச் செய்த வியாபாரம். இன்று வாங்கியவன் மட்டும் சதிகாரன்.

2000 மார்ச்சில் அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் பேசியதைத் தேடிப் படித்தேன். உலக வர்த்தக அமைப்பில் சீனாவைச் சேர்ப்பது அமெரிக்காவுக்கு ஒருவழிப் பாதை என்றார். அவர்கள்தான் சந்தையைத் திறக்க வேண்டும், நாம் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டால் போதும் என்று விளக்கினார். வியாபாரம் வளர்ந்தால் சுதந்திரமும் வளரும் என்றும் நம்பிக்கை ஊட்டினார். 2001 டிசம்பர் 11 அன்று சீனா சேர்ந்தது. அமெரிக்காவில் வடகரோலினா மாநிலத்தின் மரச்சாமான் ஊர்கள் காலியாயின. டேவிட் ஆட்டர் முதலான பொருளாதார அறிஞர்கள், 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் அமெரிக்கா இழந்த வேலை 20 லட்சத்துக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். மலிவான சீனச் சரக்கால் வந்த லாபம் எங்கும் ஆவியாகிவிடவில்லை. அமெரிக்கக் கடைகளுக்கும் பங்குதாரர்களுக்கும் போனது. அதில் ஒரு பங்கை எடுத்து அந்த ஊர்களுக்குத் திருப்பியிருக்கலாம்; செய்யவில்லை. இப்போது அந்த ஊர்க்காரர்களிடம் போய், உன் சோற்றைப் பறித்தவன் பெய்ஜிங்கில் இருக்கிறான் என்கிறார்கள்.

இந்தப் பேச்சு எங்கே கொண்டு விடும் என்பதுதான் என் பயம். 1982இல், ஜப்பான் கார்களால் அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு சீன வம்சாவளி இளைஞனை இரண்டு பேர் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். ஒருவர் கார் ஆலை மேற்பார்வையாளர், இன்னொருவர் வேலை இழந்தவர். அவன் ஜப்பானியனே இல்லை. கொன்றவர்கள் அபராதத்தோடு தப்பினார்கள். பின்னால் ஒருவருக்கு விதித்த சிறைத்தண்டனையும் மேல்முறையீட்டில் ரத்தானது. பாலு, உன் மகன் ஜெர்மனியில் வளர்கிறான். ஆசிய முகத்தைக் காட்டிப் பழி சொல்லும் பேச்சுக்கு நீ தலையாட்டாதே.

சீனர்கள் முன்னேறியதற்குச் சீனர்கள் கொடுத்த விலையையும் உன் கேன்டீனில் யாரும் பேசுவதில்லை. 1978இன் இறுதியில் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பத்தினர் கூடி, கம்யூன் என்ற கூட்டுப் பண்ணையின் நிலத்தைத் தங்களுக்குள் ரகசியமாகப் பிரித்துக்கொண்டார்கள். இது வெளியே தெரிந்து தலைமை தாங்கியவர்கள் சிறைக்குப் போனால், அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பது என்று எழுதி, ரேகை வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் பெரும் பஞ்சத்தில் ஊரில் செத்தவர்களைப் பார்த்த கைகள் அவை. தங்கள் வயிற்றைத் தாங்களே பார்த்துக்கொள்ள உயிரைப் பணயம் வைத்தார்கள். உலக வங்கிக் கணக்கில் 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டார்களே, அது அந்தக் காகிதத்துக்குப் பின் வந்தது. இதை மானியம் என்ற ஒரே சொல்லில் அடக்குவது அநியாயம்.

1990களின் பிற்பகுதியில் அரசு ஆலைகள் மூடப்பட்டு 2 கோடிக்கும் அதிகமானோர் தெருவுக்கு வந்தார்கள். மேற்கத்தியப் பத்திரிகைகள் அதைத் துணிச்சலான சீர்திருத்தம் என்று பாராட்டின. கிராமத்தில் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு நகரத்து விடுதியில் அடுக்குக் கட்டிலில் படுத்தவர்களுக்கு, சொந்த ஊரோடு சலுகைகளைக் கட்டிப்போடும் குடும்பப் பதிவு முறையால் அந்த நகரத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவமும் எளிதில் கிடைக்கவில்லை. 2010இல் ஷென்செனில் ஃபாக்ஸ்கான் விடுதி மாடிகளிலிருந்து இளம் தொழிலாளர்கள் குதித்து மாண்டார்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. அவர்கள் பொருத்திய கைப்பேசியை வாங்க லண்டனிலும் நியூயார்க்கிலும் வரிசை நின்றது.

சீனாவைக் குற்றம் சொல்ல வேண்டும் என்றால் இங்கிருந்து தொடங்கு. சுயேச்சையான தொழிற்சங்கம் வைக்க முடியாத நாடு அது. மேற்கில் உள்ள ஷின்ஜியாங்கில் உய்குர் என்ற முஸ்லிம் சிறுபான்மை மக்களை முகாம்களில் அடைத்தது, மனித குலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022இல் அறிக்கை தந்தது. இதை உரக்கச் சொல்ல வேண்டும்; கார் விலை குறைந்தாலும் ஏறினாலும் சொல்ல வேண்டும். மலிவாகச் செய்கிறான் என்பதும், மனிதனை மிதிக்கிறான் என்பதும் வேறு வேறு குற்றச்சாட்டு. முதலாவதற்கு ஆத்திரம் வரும்போது இரண்டாவதைக் கையில் எடுத்தால், முகாமில் அடைபட்ட உய்குர் பெண்ணுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

உன் வாதத்தில் அசைக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. சீனா தன் மக்களுக்குச் செலவழிக்கப் போதிய பணம் விடாமல், விற்காததை எல்லாம் வெளியே தள்ளுகிறது. அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் குடும்பங்கள் செலவிடும் பங்கு 40 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2024இல் அதன் சரக்கு வர்த்தக உபரி, அதாவது இறக்குமதியைவிட ஏற்றுமதி கூடிய தொகை, ஏறத்தாழ 1 லட்சம் கோடி டாலர். அந்தச் சரக்கு வெள்ளம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மட்டும் பாயவில்லை. உங்கள் கோவில்பட்டியிலும் பாய்ந்தது. தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கும் பெண்களின் வயிற்றில் சீனப் பிளாஸ்டிக் லைட்டர் அடித்தபோது, உன் அத்தை அழுததை நீயே எனக்கு எழுதினாய். 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் நம் அரசு தடை செய்தபோது நான் மகிழ்ந்தேன். தன் தொழிலைக் காக்க வரி போடுவது எந்த நாட்டுக்கும் உரிமை. ஐரோப்பாவும் போடட்டும். ஆனால் அதை நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் நடக்கும் போர் என்று சொல்லிப் போட வேண்டாம். நாளைக்கு நம் நாடு ஏதாவது ஒரு பொருளை அவர்களைவிட நன்றாகச் செய்தால், அதே பேச்சு நம் மீதும் திரும்பும்.

உன் வேலைக்கு வருகிறேன். கையெழுத்து கேட்டால் உடனே போட்டுவிடாதே. வோக்ஸ்வாகனில் 2030க்குள் 35,000 பணியிடங்கள் குறையும் என்று முடிவானபோதுகூட, தொழிற்சங்கம் உட்கார்ந்து பேசியதால் கட்டாய ஆட்குறைப்பு தவிர்க்கப்பட்டது. ஷென்செனில் இருப்பவனுக்கு இல்லாத அந்த உரிமை உனக்கு இருக்கிறது. மின்மோட்டார் பிரிவுக்கு மாறப் பயிற்சி கொடுப்பார்களா என்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கேள். கியர் வெட்டிய கைக்கு மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டர் கடினமில்லை. என் பட்டறைப் பையன்கள் இரண்டு மூன்று மாதத்தில் பழகிக்கொண்டார்கள்.

எக்ஸ்பெங் கூட்டு பற்றி உங்கள் ஆலை ஆட்கள் என்ன நினைக்கிறார்கள், இளைஞர்கள் வேறு மாதிரி பேசுகிறார்களா என்று விரிவாக எழுது. நான் சொன்னதில் உனக்கு மறுப்பு இருந்தால் ஒளிக்காமல் எழுது. பொங்கலுக்கு வருவதாக இருந்தால் டிக்கெட் போடும் முன்பே தேதியைச் சொல்லிவிடு. கோவில்பட்டிக்கு நானும் கூட வருகிறேன். அத்தையைப் பார்த்து வெகு காலமாகிவிட்டது.

அன்புடன்,
சண்முகம்