கார்பன் அச்சுக்கு எந்தப் புற ஊதா விளக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஒளிப்பட அச்சு முறைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, கார்பன் டிரான்ஸ்ஃபர் அச்சுக்கு வாட் அதிகமுள்ள புற ஊதா விளக்கு எதுவாக இருந்தாலும் போதும் என்கிறது. அதை நம்பி விளக்கு வாங்குவோர் ஏமாறக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜோசஃப் ஸ்வான் 1864-இல் காப்புரிமை பெற்ற இம்முறையில், நிறமி கலந்த ஜெலட்டின் படலம் டைகுரோமேட் உப்பினால் ஒளியுணர்வு பெறுகிறது. நெகட்டிவைக் கடந்து வரும் ஒளி எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு ஆழத்துக்கு ஜெலட்டின் இறுகி, வெந்நீரில் கரையாமல் நின்றுவிடுகிறது. படத்தின் கருமை என்பது இங்கே படலத்தின் தடிமனே என்பதால், விளக்கு எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்பதைவிட எந்த அலைநீளத்தில் ஒளிர்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கிருமிநாசினி விளக்குகளின் 254 நானோமீட்டர் ஒளியை, நெகட்டிவையும் ஜெலட்டினையும் சேர்த்து அழுத்தி வைக்கும் அச்சுச் சட்டத்தின் கண்ணாடியே தடுத்துவிடும். அச்சு விழாது, கண்ணும் தோலும்தான் புண்ணாகும். 365 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும் பிளாக்லைட் டியூப்களே புதியவர்களுக்கு ஏற்றவை என்பது என் கருத்து. அவற்றிலும் கருநீலக் கண்ணாடி கொண்டவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கிறதே தவிர, அச்சுக்கு எதையும் கூட்டித் தருவதில்லை. டியூப்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியைவிடச் சற்றுக் கூடுதலான தூரத்தில் சட்டத்தை வைத்தால் ஒளி சீராகப் பரவும். பரவலான ஒளி என்பதால் நெகட்டிவும் ஜெலட்டினும் இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். இல்லையெனில் கூர்மை குறையும்.

மெர்குரி, மெட்டல் ஹாலைடு விளக்குகள் ஆற்றல் மிக்கவைதாம். ஆனால் அவை முழு ஒளிக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும், அணைத்தால் ஆறிய பிறகே மீண்டும் எரியும், அவற்றின் வெப்பம் ஜெலட்டினை இளக்கும். ஒளியை மறைத்துத் திறக்கும் மூடியும் மின்விசிறியும் இல்லாமல் அவற்றை நாடக் கூடாது.

எல்இடி விளக்குகளில்தான் குழப்பம் அதிகம். புற ஊதா என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல 395 அல்லது 405 நானோமீட்டரில் ஒளிர்பவை. டைகுரோமேட் அவற்றுக்கும் இணங்கும். நச்சுத்தன்மை கருதி டைகுரோமேட்டைத் தவிர்த்து டிஏஎஸ் என்ற உணர்வூட்டியைப் பயன்படுத்துவோருக்கோ 365 நானோமீட்டரே பொருந்தும். மேலும், கணினிவழி அச்சிட்ட நெகட்டிவின் இங்க்ஜெட் மையும், பைரோ என்ற உருத்துலக்கி ஃபிலிம் நெகட்டிவில் விடும் கறையும் ஒவ்வோர் அலைநீளத்தையும் ஒவ்வோர் அளவில் தடுப்பதால், விளக்கை மாற்றினால் நேற்றுவரை சரியாக அச்சான நெகட்டிவ் இன்று வெளிறியோ அடர்ந்தோ போகலாம். அப்போது ஒளியூட்டும் நேரத்தை மட்டும் மாற்றினால் போதாது. விளக்குக்கு ஏற்ப நெகட்டிவின் அடர்த்தியை அமைக்கும் அளவீட்டையே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

வாங்கிய விளக்கு எதுவானாலும், வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை படிப்படியாகக் கருமை கூடும் ஒரே படிநிலைப் பட்டையைச் சட்டத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து அச்சிட்டு ஒப்பிடுவது நல்லது. மூலைகளின் மங்கலை வெறுங்கண்ணால் கணிக்க முடியாது. இந்த ஒளி கண்ணைக் கூசச் செய்யாததாலேயே பலர் அதை உற்றுப் பார்த்துவிடுகிறார்கள் என்பதால், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிவது கட்டாயம்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் வாட் அளவோடு அலைநீளத்தையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்