கத்தியை ஒதுக்கிவிடாதே, சகுந்தலா

அன்புள்ள சகுந்தலா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற வரியைப் படித்து நான் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் சிரிப்பு போய்விட்டது. அதனால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது: மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

விரல் வெட்டுப்பட்டு ஒரு மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை, பயந்துபோய் இரண்டு நாள் வார்ஃபரின் போடாமல் விட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. உன் இதயத்தில் இருப்பது உலோக வால்வு. அதன்மேல் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் காப்பது அந்த மாத்திரைதான். கட்டி உண்டாகி மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம். விரலில் வழியும் ரத்தத்தை வெளியிலிருந்து நிறுத்த நம் கையில் வழி இருக்கிறது. உள்ளே வால்வில் உறைந்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கடிதம் வந்த அன்றே உன் மருத்துவரைக் கூப்பிட்டு இரண்டு நாள் விட்டதைச் சொல்லிவிடு. விட்டதையும் சேர்த்து இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையை எப்போது செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்.

சரி, இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். 'இனிமேல் கத்தியே தொடப்போவதில்லை' என்று எழுதியிருக்கிறாய். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹாஸ்டலில் நாம் சமைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீ நறுக்கும் வேகத்தைப் பார்க்கவே பக்கத்து அறைப் பெண்கள் வந்து நிற்பார்கள். அதை ஒரு வெட்டுக்காக விட்டுவிடுவாயா?

எனக்கும் ஆறு வாரத்துக்கு முன்னால் நடந்தது. ஸ்லைசரில் காய் சீவிக்கொண்டிருந்தேன், கைக்காப்பை மாட்டவில்லை. கட்டை விரல் நுனியில் ஒரு வில்லை போய்விட்டது. முதல் நொடியில் ரத்தமே இல்லை. அந்த இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. பிறகு ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரு துளியாகி, விரலோடு இறங்கி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. பிளாஸ்திரி ஒட்டினேன், ஊறி வழுக்கிக் கழன்றது. இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நாலாவது பிளாஸ்திரிக்குப் பிறகுதான் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த செவிலியர் ஒரு சின்ன சதுரத் துணியை நுனியில் வைத்து, தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். கையை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது.

"பிளாஸ்திரி காயத்தை மூடும், அவ்வளவுதான். ரத்தத்தை நிறுத்துவது அழுத்தம். நீங்கள் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பார்த்தபோது அப்போதுதான் உறைந்ததையும் சேர்த்துப் பிய்த்துவிட்டீர்கள்" என்றார்.

அந்தத் துணி என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உனக்காகவே விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் உன் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம்.

வெட்டுப்பட்டதும் ரத்தக்குழாய் சுருங்குகிறது. தட்டணுக்கள் வந்து ஓட்டையில் ஒட்டி ஓர் அவசர அடைப்பைப் போடுகின்றன. பிறகு ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் இழை இழையாக ஃபைப்ரினாக மாறி அந்த அடைப்பை வலைபோலப் பின்னி இறுக்குகிறது. இந்தப் பின்னலுக்கு வேண்டிய உறைதல் காரணிகளில் நான்கை, அதாவது 2, 7, 9, 10 என்று எண்ணிட்டவற்றை, கல்லீரல் வைட்டமின் கே துணையோடு செய்கிறது. வார்ஃபரின் கை வைப்பது அங்கேதான். ஆக, உன் ரத்தத்துக்கு உறையத் தெரியாமல் போகவில்லை. மெதுவாக உறைகிறது, அவ்வளவே.

ரத்தம் உறைய வைக்கும் துணிகளில் சில வகை உண்டு. ஒன்றில் கேயோலின் என்ற களிமண் தாது தடவியிருக்கும். அது 12ஆம் காரணியைத் தூண்டி உடம்பின் சொந்த உறைதலை வேகப்படுத்தும். அமெரிக்கப் படையினரின் போர்க்கள முதலுதவிக்கு 2008இல் பரிந்துரைத்தது இந்த வகையைத்தான். அதற்கு முன்பு சியோலைட் என்ற தாதுப் பொடியைக் கொட்டினார்கள். அது ஈரத்தைக் குடிக்கும்போது சூடேறிச் சதையைச் சுட்டுவிடும், அதனால் கைவிட்டார்கள். இன்னொரு வகை கடற்பாசியிலிருந்து எடுக்கும் கால்சியம் ஆல்ஜினேட். ரத்தம் பட்டதும் கூழாகிக் காயத்தின்மேல் படியும், சின்னக் கசிவுக்கு அருமையானது.

உனக்கு நான் சொல்வது மூன்றாவது வகை, கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டினிலிருந்து செய்வது. சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம், கைட்டோசானில் நேர் மின்னூட்டம். இரண்டும் இழுத்து ஒட்டிக்கொண்டு பிசின்போல் ஒரு மூடி உண்டாகிறது. உறைதல் காரணிகளை நம்பி இது வேலை செய்வதில்லை. அதனால் வார்ஃபரின் போடுகிறவர்களுக்கும் உதவும். இறால், நண்டு உனக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் மட்டும் மருத்துவரிடம் முதலில் கேள்.

துணி எதுவானாலும் பாதி வேலை அழுத்துகிற கையுடையது. வெட்டுப்பட்டதும் உட்கார், ரத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றி விழுகிறவர்கள் உண்டு. மோதிரம் இருந்தால் உடனே கழற்று, விரல் வீங்கிய பிறகு கழலாது. குழாய்த் தண்ணீரில் கழுவு. ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ காயத்துக்குள் ஊற்றாதே, நல்ல சதையும் கெடும். துணியை வெட்டின்மேல் நேராக வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி அழுத்திப் பிடி. மற்றவர்களுக்குப் பத்து நிமிடம், நீ பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள். கடிகாரத்தைப் பார்த்துத்தான், மனக்கணக்கு வேண்டாம். நடுவில் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்கு. ஊறி வந்தால் மேலே இன்னொன்றை வை, அடியில் இருப்பதை எடுக்காதே. விரலைச் சுற்றி நூலோ ரப்பர் பேண்டோ இறுக்கிக் கட்டவே கட்டாதே. மறுநாள் துணியை எடுக்கும்போது தண்ணீரில் நன்றாக நனைத்து, தானாக இளகி வரும்வரை பொறு. வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் பக்கமே போகாதே, அவை ரத்தக் கசிவைக் கூட்டும். என்ன போடலாம் என்று மருத்துவரையே கேள்.

பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் வீட்டில் இருக்காதே. பீறிட்டு அடித்தால், காயம் வாய் பிளந்து நின்றால், விரல் மடங்காவிட்டால், நுனி மரத்திருந்தால், அந்தப் பதினைந்து நிமிடமும் காத்திருக்காமல் அழுத்திப் பிடித்தபடியே கிளம்பு. டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டாய் என்று ஒரு சீட்டில் எழுதி வை. சுத்தமான சின்ன வெட்டு என்றால் பத்து வருடத்துக்குள் போட்டிருந்தால் போதும்.

ஒன்று தெரியுமா? நாம் ஒட்டும் பிளாஸ்திரியே சமையலறையில் பிறந்ததுதான். 1920இல் ஜான்சன் அண்ட் ஜான்சனில் வேலை பார்த்த எர்ல் டிக்சனின் மனைவி ஜோசஃபின், சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வாராம். அவர் தானே ஒரு கையால் கட்டுப் போட்டுக்கொள்ளட்டும் என்று நீள ஒட்டுநாடாவில் காஸ் துணித் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்தாராம் டிக்சன். நூறு வருடத்துக்கு மேலாகிறது. பிளாஸ்திரி ஒட்டும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த அம்மாவின் நினைவுதான்.

உன் கத்தியைச் சாணை பிடித்து எவ்வளவு நாளாயிற்று? மழுங்கிய கத்திதான் காயின்மேல் வழுக்கி விரலுக்கு வரும். பலகைக்கு அடியில் ஈரத் துணி ஒன்றை விரித்துக்கொள், நகராது. காயைப் பிடிக்கும் விரல்நுனிகளை உள்ளே மடக்கி, கணு கத்தியின் பக்கவாட்டில் உரசும்படி வைத்துக்கொள். என் பேத்திக்கு இப்படித்தான் பழக்கிக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் நறுக்குகிறாள், ஆனால் அழகாக.

கைட்டோசான் துணி பாக்கெட் நான்கு இதோடு வைத்திருக்கிறேன். இரண்டைச் சமையலறையில் கைக்கு எட்டும் இடத்தில் வை, மேல் அலமாரியில் அல்ல. இன்னொன்று கைப்பைக்கு. நாலாவதை அண்ணாவிடம் கொடுத்து, எப்படி அழுத்த வேண்டும் என்று ஒரு தடவை உன் விரலிலேயே செய்து பார்க்கச் சொல். நீ தனியாக இல்லாத நேரத்தில் அவர் கைதான் உனக்கு உதவும்.

உனக்குப் பட்டது எந்த விரல், எந்தப் பக்கம் என்று நீ எழுதவே இல்லையே. நுனியை மடக்க முடிகிறதா? காயத்தைத் தாண்டி, நுனிப் பக்கமாக விரலின் இரண்டு ஓரங்களையும் தொட்டால் ஒரே மாதிரி உணர்வு இருக்கிறதா? விரலின் இரண்டு பக்கமும் நரம்பு ஓடுகிறது. ஒரு பக்கம் மரத்திருந்தால் மருத்துவரைக் கூப்பிடும்போது அதையும் சேர்த்துச் சொல். பதிலை எழுதித் தபாலில் போட்டுக் காத்திருக்காதே, இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் ஓய்வாகத்தான் இருப்பேன், கூப்பிடு.

உன்,
வசந்தா