ஆமையின் தடத்தோடு படகின் தடமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனி ஆமைகள் கடலில் எங்கே போகின்றன என்று அறிய, அவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி படித்தேன். மிக அவசியமான பணி. ஆனால், அந்தக் கருவி அனுப்பும் சமிக்ஞையால் வரைபடத்தில் விழும் புள்ளிகளைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

முட்டையிட்டுக் கடல் திரும்பும் ஆமையை நிறுத்தித்தான் பெரும்பாலும் கருவியை ஒட்டுகிறார்கள். ஓட்டில் படிந்த பாசியையும் கொட்டலசையும் (ஓட்டில் ஒட்டி வளரும் சிறு கடலுயிரி) சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே எபாக்சி பசை. ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. கனமாக அப்பினால் இறுகும்போது கிளம்பும் சூடு ஆமையைத் தாக்கும். கருவியில் உப்புநீரை உணரும் இரண்டு உலோகப் புள்ளிகள் உண்டு. மூச்சு வாங்க ஆமை மேலே வந்து, அவை நீரை விட்டு வெளிப்பட்டால்தான் சமிக்ஞை போகும். அவற்றின் மேல் கொட்டலசு படிந்துவிட்டால், ஆமை மேலே வந்தாலும் கருவி வாய் திறக்காது. ஆன்டெனாவும் முறியும். ஆகவே, சமிக்ஞை நின்றால் ஆமை செத்துவிட்டது என்று பொருளில்லை. மாறாக, மணிக்கணக்கில் விடாமல் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்: ஆமை கரையிலோ, படகுத் தளத்திலோ கிடக்கலாம்.

ஆர்கோஸ் என்பது கருவியின் சமிக்ஞையைச் செயற்கைக்கோள் வாங்கி ஆமை இருக்கும் இடத்தைக் கணக்கிடும் முறை. அதில் நல்ல புள்ளியின் பிழை 250 மீட்டருக்குள் இருக்கும்; மோசமானது 1,500 மீட்டரையும் தாண்டும். கரையிலிருந்து விசைப்படகுகள் மீன்பிடிக்க நுழையக் கூடாத 5 கடல் மைல் என்பதே 9 கிலோமீட்டர் சொச்சம்தான். எல்லையோரப் புள்ளிகளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. கரையேறுவது பெண் ஆமைகளே என்பதால் ஆண் ஆமைகளின் நடமாட்டமும் இதில் அநேகமாக விடுபடுகிறது.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை மறக்க முடியவில்லை. இழுவலையில் சிக்கும் ஆமை, மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. ஆமைகள் கரைக்கு அருகே கூடுவது ஜனவரியில் தொடங்கிவிடுகிறது. 61 நாள் மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15-இல்தான் வருகிறது. விசைப்படகுகளில் பொருத்தப்படும், படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பான்டர் கருவிகளின் தடத்தை, ஜனவரி முதல் மார்ச் வரை வாரந்தோறும் ஆமைத் தடத்தோடு ஒன்றாக வைத்து வெளியிட வேண்டும். எந்த இடத்தில், எந்த வாரத்தில் வலை இழுக்கக் கூடாது, எங்கே ஆமை விலக்கு சாதனம் (வலையில் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் அமைப்பு) கட்டாயம் என்பதெல்லாம் அப்போதுதான் தெளிவாகும்.

கடல் இல்லாத வேலூரில் இருந்து எழுதினாலும் இது நமக்கு அந்நியமல்ல. நம் பாலாறு கடல் சேரும் கல்பாக்கம், வயலூர் பக்கமும் பங்குனி ஆமை முட்டையிடும் கரைதான். அந்த முகத்துவாரத்தையும் இந்தக் கண்காணிப்பில் சேர்க்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.